இல்காவுக்கு நாலு மூடி

நாலு மாதமாகப் பராசா கியாலோவோடு பேசவில்லை. காரணத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள், பராசாவின் காது கேட்கச் சிரிக்காதீர்கள். அவன் மட்டாட்டு என்கிற மினிபஸ் வண்டியில் கண்டக்டர். காரியோபாங்கியிலிருந்து நைரோபி நடு ஊர் வரைக்கும் படியில் தொங்கிக்கொண்டே எதிர் வண்டிக்காரனின் ஏழு தலைமுறையையும் விசாரிக்கிற வாய் அது.

காரணம் ஒரு பெண். பெயர் இல்கா. அவள் காரியோபாங்கியில் இல்லை, கென்யாவிலும் இல்லை. அபோண்டி அக்காவின் கடையில், பின்சுவரை ஒட்டி இருக்கிற நாலாவது டிவிக்குள் இருந்தாள். விண்வெளிக் கப்பல் ஒன்றில் அவள் மெக்கானிக். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனாள். அவளைச் சாகவிட்டவன் கியாலோ என்பது பராசாவின் தீர்ப்பு.

அபோண்டியின் வீடியோ கேம் கடையில் மற்ற மூன்று டிவியிலும் எப்போதும் கால்பந்துதான். இஷ்டப்பட்டவன் வரலாம், ஆடலாம், தோற்றுவிட்டுத் திட்டிக்கொண்டே போகலாம். நாலாவது அப்படி இல்லை. அது கப்பலுக்கு மட்டும். ஞாயிறு சர்ச் முடிந்து, வீட்டில் சாப்பிட்டு, மதியம் இரண்டு மணிக்கு ஒன்பது பேர் பெஞ்சுகளில் வந்து உட்காருவார்கள். ஒரு கப்பல், ஒன்பது கேப்டன்கள். உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் இந்த மாதிரி விளையாட்டைத் தனியாக அறையைச் சாத்திக்கொண்டு ஆடுகிறார்களாம். காரியோபாங்கியில் எவனுக்கு ஐயா தனி அறை இருக்கிறது?

ஒன்பது பேர் ஒரு கப்பலை ஓட்டினால் அடிதடி வரும். வந்தது. அதனால் அபோண்டி சட்டம் போட்டாள். ஆட்டத்தைச் சேமித்துவைக்கிற சேவ் ஒரே ஒன்றுதான், ஆடியது ஆடியதுதான், பின்னால் போய் மாற்றக்கூடாது. அடுத்தது என்ன என்று எவனும் ஃபோனில் தேடிப் பார்க்கக்கூடாது. பார்த்தவனுக்கு ஒரு மாதம் கடைக்குள் இடமில்லை. பெரிய முடிவு வரும்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓட்டு. திரையில் மேலே இருக்கிற வழிக்குச் சிவப்பு சோடா மூடி, கீழே இருக்கிற வழிக்கு நீல மூடி. ஆளுக்கொன்றாக மேஜையில் வைக்க வேண்டும். வைத்துவிட்டு நழுவ முடியாது. மூடி மேல் விரலை அழுத்தி, எல்லாரும் கேட்க "நான்தான்" என்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எவனோ கப்பல் டாக்டரின் மருந்தையெல்லாம் விற்க ஓட்டுப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் நானில்லை என்று சாதித்தான். அன்றைக்கு ஒரு பெஞ்சு உடைந்தது. அதற்கப்புறம் வந்த சட்டம் இது.

வசனம் படிப்பது நியாபோக்கேயின் வேலை. அவள் பக்கத்துத் தெருவில் முடி பின்னிவிடுகிறவள். டிவியின் ஸ்பீக்கர் எப்போதோ செத்துவிட்டதால், திரையில் ஓடும் எழுத்தை அவள்தான் குரல் மாற்றி மாற்றி, தெருப் பேச்சில் சொல்லுவாள். கேப்டனுக்கு ஒரு குரல், டாக்டருக்கு ஒரு குரல். கப்பல் கதவு திறக்கிற சத்தம்கூட அவள் வாயிலிருந்துதான் வரும்.

விளையாட்டு வந்த பெட்டியின் அட்டையை வெட்டி அபோண்டி சுவரில் ஒட்டியிருந்தாள். கருநீல வானம், ஒரு கப்பல், அதற்குக் கீழே பெரிய எழுத்து: ஒவ்வொரு முடிவும் உன்னுடையது, ஒவ்வொன்றும் விண்மீன்களை மாற்றும். பராசா அதை உள்ளே வரும்போது ஒரு தடவை, வெளியே போகும்போது ஒரு தடவை படிப்பான். வாரம் ஆறு நாள் அவன் வண்டி எந்த வழியில் போக வேண்டும் என்பதை முதலாளி சொல்லுவான், எங்கே நிற்க வேண்டும் என்பதைப் போலீஸ்காரன் சொல்லுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பராசா சொல்லி ஏதாவது திரும்பியது.

இல்காவை அவனுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை. கப்பலில் கேப்டனைத் திட்டுகிற ஒரே ஆள் அவள்தான். "இது கப்பலா, தகர டப்பாவா? இதுல இன்னும் வேகம் வேணுமாம் துரைக்கு!" என்று நியாபோக்கே இல்காவின் குரலில் கத்தும்போது பராசா துள்ளி எழுந்து கைதட்டுவான். சாகப்போகிற எஞ்சினை வைத்துக்கொண்டு நாள் முழுக்க டிரைவரோடு மல்லுக்கட்டுகிறவனுக்குத் தன் பாஷை பேசுகிற ஒருத்தி கிடைத்தாள். கப்பலிலேயே பிறந்து வளர்ந்த இல்கா கடலைப் பார்த்ததில்லை. பதினொரு வருஷமாக நைரோபியில் இருந்தும் பராசாவும் பார்த்ததில்லை.

அந்த மார்ச் ஞாயிறு. ஒரு நிலவில் சுரங்கம் தீப்பற்றி எரிகிறது. ஒரு பக்கம் கூடாரத்தில் முந்நூறு தொழிலாளிகள். இன்னொரு பக்கம், எஞ்சின் குழியில் இல்கா மாட்டிக்கொண்டிருக்கிறாள். கேப்டனிடம் இருப்பது ஒரே ஒரு சின்ன ஓடம். ஒரு பக்கம்தான் போக முடியும். மேலே முந்நூறு பேர், சிவப்பு. கீழே இல்கா, நீலம்.

எட்டு மூடி விழுந்தது. நாலுக்கு நாலு. பாக்கி இருந்தவன் கியாலோ.

கியாலோ வெல்டிங் வேலைக்காரன். கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிறவன். இரும்பு ஆறுகிற மாதிரி மெதுவாகப் பேசுவான். பதினொரு வருஷத்துச் சிநேகிதம். நைரோபிக்கு வந்த புதிதில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே தட்டில் உகாலிக் களி. கியாலோவின் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, சொந்த ஊரான முவிங்கியிலிருந்து மகனோடு வந்து இருந்த இரண்டு வருஷமும், பிப்ரவரியில் ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைக்கிற வரைக்கும், வாரத்தில் இரண்டு நாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பராசாவின் வண்டிதான். டிரைவர் பக்கத்து முன் சீட்டு அவளுடையது. அந்த இரண்டு நாளும் அதில் எவனும் உட்கார முடியாது, உட்கார்ந்தால் பராசா எழுப்பிவிடுவான். அவளும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எங்கடா என் கண்டக்டர்?" என்றுதான் கேட்பாள்.

அப்பேர்ப்பட்ட சிநேகிதன் சிவப்பு மூடியை எடுத்து மேஜையில் வைத்தான். விரலை அழுத்தினான். "நான்தான்" என்றான். பிறகு பராசாவைப் பார்த்து, "முந்நூறு பேர்டா" என்றான்.

இல்கா எரிந்தாள். ரேடியோவில் அவள் பேசிய கடைசிப் பேச்சை நியாபோக்கே படித்தாள்: "கேப்டன், எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஆறவிடு. அதுவும் என்னை மாதிரிதான், கத்தும், ஆனா கைவிடாது."

"கொலைகாரா" என்றான் பராசா.

"ஒரு பொம்மைக்காகவா என்னைக் கொலைகாரன்னு சொல்றே?"

"பொம்மைன்னா, அந்த முந்நூறு பொம்மையை எதுக்குடா காப்பாத்தினே?"

பதில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பராசா நிறுத்தவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான், கியாலோவும் இரண்டு சொன்னான். அன்றோடு பேச்சு நின்றது.

மே மாதம் கியாலோவின் அம்மா இறந்துபோனாள். செய்தி வந்தபோது பராசா வண்டிப் படியில் நின்றிருந்தான். பையிலிருந்து ஃபோனை எடுத்தான், உள்ளே வைத்தான். அவனே கூப்பிடட்டும் என்று இருந்தான். அம்மாவைப் பறிகொடுத்தவன் உட்கார்ந்து ஃபோன் போட்டு அழைக்க வேண்டுமாம்! இரண்டு நாள் கழித்து அடக்கச் செலவுக்குத் தன் பங்கை ஃபோன் வழியாக அனுப்பினான். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எல்லாரும் வண்டி பிடித்து முவிங்கிக்குப் போய் மண் போட்டுவிட்டு வந்தார்கள். பராசா போகவில்லை. கேட்டவர்களிடம், "அன்னிக்கு வண்டிக்கு வேலை இருந்துச்சு" என்றான். அதற்கப்புறம் கியாலோ கடைக்கு வருவதே நின்றுபோனது.

இதெல்லாம் ஜூலை இரண்டாவது ஞாயிறு வரைக்கும் நடந்த கதை.

அந்த ஞாயிறு மதியம் கரண்ட் மூன்று தடவை போய்ப் போய் வந்தது. மூன்றாவது தடவை கேம் பெட்டி உயிர்த்தபோது, இத்தனை மாதத்து ஆட்டமும் பாழாகியிருந்தது. சேவ் கெட்டுவிட்டது, திறக்க முடியாது என்று திரையில் ஒரு வரி. அபோண்டி தலையில் கை வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். கடைசியில் அடியில் இன்னொன்று கிடந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்றாள். தேதியைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, நான்தான். மார்ச்ல புது கன்ட்ரோலர் வேலை செய்யுதான்னு பார்க்க அமுக்கினேன். அப்ப தெரியாம விழுந்திருக்கு."

"மார்ச்ல எப்ப?"

"நிலவுக்கு முன்னாடி."

பராசா எழுந்தே விட்டான்.

"அக்கா, அப்ப இல்கா உயிரோட இருக்கா!"

"உக்காருடா. சட்டம் என்ன? பின்னால போகக் கூடாது."

"நாமளா போனோம்? கரண்ட்காரன் கொண்டுபோய் விட்டான்! இதை விட்டா முதல்லேருந்து ஆடணும். நிலவு வர்றதுக்கே பதினாலு வாரம். ஆடுறியா நீ?"

யாரும் ஆடத் தயாராக இல்லை. நிலவு வந்தது, தீ வந்தது, ஓட்டு வந்தது. அபோண்டி மூடிகளை வெளியே எடுத்துவிட்டுத் தயங்கினாள். "கியாலோ இல்லாம எப்படிடா? அன்னிக்கு அவன்தானே கடைசி மூடி."

"அவன் போட்டது போதும்" என்றான் பராசா. நீல மூடியை மேஜையில் அறைந்தான். தகரக் கூரையில் எதிரொலிக்கிற மாதிரி "நான்தான்!" என்றான். அன்று வந்திருந்தவர்கள் ஏழு பேர். ஐந்து நீலம், இரண்டு சிவப்பு.

ஓடம் குழிக்கு இறங்கியது. கதவு பிளந்தது. நியாபோக்கே தொண்டையிலிருந்து அந்தச் சத்தத்தை எழுப்பினாள். புகைக்குள்ளிருந்து இல்கா வந்தாள், மூஞ்சியெல்லாம் கரி. பராசா பக்கத்தில் இருந்தவனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டான். நாலு மாதமாக அவன் அவ்வளவு சிரித்து யாரும் பார்க்கவில்லை.

ஓடம் மேலே கிளம்பியது. பாதி வழியில் ஒரு குழாய் வெடித்தது. இல்கா தரையில் விழுந்தாள். கேப்டன் ஓடிப்போய்ப் பக்கத்தில் மண்டியிட்டான்.

"கேப்டன்" என்று படிக்க ஆரம்பித்தாள் நியாபோக்கே. அப்புறம் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு பராசாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள். "எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஆறவிடு. அதுவும் என்னை மாதிரிதான், கத்தும், ஆனா கைவிடாது." அவள் சொல்லி முடித்த பிறகுதான் எழுத்து திரைக்கே வந்தது.

"படிக்காம எப்படிடி சொன்னே?" என்று கேட்டாள் அபோண்டி.

"அதேதான் அக்கா. ஒரு எழுத்து மாறல. இப்ப பாரு, டாக்டர் வருவான். 'இது நீ எடுத்த முடிவு கேப்டன், இதோட வாழக் கத்துக்கோ'ம்பான்."

டாக்டர் வந்தான். அப்படியே சொன்னான். அதே பாட்டு ஓடியது, அதே சவப்பெட்டி அதே விண்வெளியில் மிதந்தது. மார்ச் மாதத்தில் இதே பெஞ்சில் ஒன்பது பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே காட்சி. அந்த முந்நூறு பேர்? வேறு ஏதோ கப்பல் அந்த வழியாக வந்ததாம், ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அன்றைக்கு எங்கே போயிருந்தது அந்தக் கப்பல்?

பராசாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் எழுந்துபோய்ச் சுவரில் இருந்த அட்டையைப் பிடித்து இழுத்தான். பாதி கையோடு வந்தது, பாதி சுவரிலேயே நின்றது.

"விண்மீனை மாத்துமாம்! டேய், ஒரு குழாயை மாத்த முடியலையேடா உங்களால! எங்கயோ ஏசி ரூம்ல உக்காந்துகிட்டு, இந்த மடப்பசங்க இப்படிப் போனாலும் சாகட்டும், அப்படிப் போனாலும் சாகட்டும்னு எழுதிவெச்சிட்டு, ஓட்டுப் போடு, ஓட்டுப் போடுன்னு எங்க காதுல பூ சுத்தியிருக்கான்! நாங்க மூடி வெச்சுகிட்டு, விரலை வெச்சுகிட்டு, நான்தான் நான்தான்னு..."

"ரெண்டு கதை எழுத அவனுக்குச் சோம்பல்டா" என்றாள் அபோண்டி. "அதுக்கு என் அட்டையை ஏன் கிழிக்கிறே?"

"நான் மார்ச்ல அழுதது நிஜம்தான்" என்றாள் நியாபோக்கே. அவளை யாரும் கேட்கவில்லை.

"நாலு மாசம் அக்கா! பதினொரு வருஷத்துச் சிநேகிதனோட நாலு மாசம் பேசல நான். எதுக்கு? ஒண்ணுமில்லாத ஒண்ணுக்கு! அவன் சிவப்பு வெச்சாலும் ஒண்ணு, நீலம் வெச்சாலும் ஒண்ணு. இந்தப் பொறம்போக்குப் பசங்களாலதானே?"

பராசாவின் கோபம் எவ்வளவு சாமர்த்தியமாகத் திரும்பியது பாருங்கள். அந்தக் கணத்தில் அவனுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. தப்பு தன்னுடையது இல்லை. கியாலோவுடையதும் இல்லை. முகம் தெரியாத எவனோ எழுதியது. இதை இப்போதே போய்ச் சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கையில் பாதி அட்டையோடு கடையை விட்டு இறங்கி, வெயிலில் விடுவிடென்று நடந்தான்.

கியாலோவின் பட்டறை மெயின் ரோட்டில் மற்றப் பட்டறைகளோடு வரிசையில் இருந்தது. ஞாயிறென்று பக்கத்தில் எல்லாம் மூடிக் கிடந்தன. அவன் மட்டும் ஒரு பெரிய கேட்டைப் படுக்கப்போட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அம்மா போனதிலிருந்து அவனுக்கு ஞாயிறு கிடையாது. பராசாவைப் பார்த்ததும் முகமூடியை மேலே தூக்கினான்.

"கியாலோ, கேளு. நம்மளை ஏமாத்திட்டானுங்கடா" என்று ஆரம்பித்தான் பராசா. வா என்று சொல்லக்கூட இடம் கொடுக்கவில்லை. கரண்ட் போனது, பழைய சேவ், ஐந்து நீலம், குழாய், எழுத்து மாறாத வசனம், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினான். அட்டையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். "உன் மேல தப்பில்லடா. நீ எதை வெச்சிருந்தாலும் அவ செத்துத்தான் இருப்பா. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். விட்டுடு. ரெண்டு பேரும் விட்டுடுவோம்."

"முடிச்சிட்டியா?" என்றான் கியாலோ.

"ம்."

"நான் அன்னிக்கு மூடி வெச்சேன். விரலை வெச்சு நான்தான்னு சொன்னேன். சொன்னதைச் சுமந்தேன்டா. நீ கொலைகாரன்னதைச் சுமந்தேன். இந்தக் கம்பியைப் பத்தவைக்கும்போதெல்லாம் அந்தக் குழிக் கதவுதான் கண்ணுல வரும். பைத்தியக்காரத்தனம்தான், இருந்தாலும் வந்துச்சு. இப்ப நீ வந்து, அது நீ இல்லடா, எழுதினவன்கிறே. நான் சந்தோஷப்படணுமா?"

"ஆமாடா! ரெண்டு வழியிலயும் அவ சாகறாடா. அப்புறம் யார் என்ன பண்ணியிருந்தா என்ன?"

கியாலோ வெல்டிங் கைப்பிடியைக் கீழே வைத்தான். அவன் இரைந்து பேசி பராசா கேட்டதில்லை. அப்போதும் இரையவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு."

"யார் என்ன பண்ணியிருந்தா என்னன்னேன்."

"எங்க அம்மாவும் செத்துத்தான் இருப்பா. டாக்டர் பிப்ரவரியிலயே சொல்லிட்டார். நீ வந்திருந்தாலும் செத்திருப்பா, வரலேன்னாலும் செத்தா. ரெண்டுக்கும் அதே சவப்பெட்டி. அதே குழி. பாஸ்டர் அதே வசனத்தைத்தான் படிச்சிருப்பார், ஒரு எழுத்து மாறாது. அப்ப நீ வந்தா என்ன, வராட்டி என்ன? அப்படித்தானே?"

பராசா வாயைத் திறந்தான். "அது வேறடா. அன்னிக்கு வண்டிக்கு வேலை..."

"என்ன வேலை?"

"வேலைடா, வண்டிக்கு..."

"உன் வண்டியைத்தான்டா எடுத்தோம்!" இப்போது கியாலோ இரைந்தான். அடுத்த பட்டறையின் தகரம் அதிர்ந்தது. "முதலாளிகிட்ட நானே போய்க் கேட்டேன். வேற வண்டி கிடைக்காமலா? அந்த வண்டிதான் வேணும்னு கேட்டேன். அம்மா ரெண்டு வருஷம் போன வண்டி. கதவுல நீ நிப்பேன்னு. காலையில வந்து நிக்குது, கதவுல அந்த மாத்துக் கண்டக்டர் ஒத்துவோமா தொங்கிட்டு வரான். அன்னிக்கு ஒரு நாள் அவன்கிட்ட விட்டுட்டியாம். ஏன்டான்னு கேட்டேன், தெரியல அண்ணேங்கிறான். முன் சீட்டுல டிரைவர் யாரையும் ஏறவிடல. முவிங்கி வரைக்கும் காலியா வந்துச்சு அந்தச் சீட்டு. நான் பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்துகிட்டு வழியெல்லாம் கதவையே பார்த்துட்டுப் போனேன், எந்த ஸ்டாப்புலயாவது ஏறிடுவேன்னு. மத்தூவுல டீ குடிக்க நிறுத்தினாங்க. அங்கயும் இறங்கிப் பார்த்தேன்டா, வெட்கம் கெட்டவன் நான்."

பராசாவுக்கு அது தெரியும். வண்டி எங்கே போகிறது என்று தெரிந்துதான் ஒத்துவோமாவிடம் கதவைக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கியாலோ ஃபோன் செய்வான் என்று பகல் முழுக்கக் காத்திருந்தான். வண்டிக்கு வேலை இருந்தது என்று சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதை நினைத்தபோது அவனுக்கே தன் மூஞ்சியில் குத்த வேண்டும்போல இருந்தது.

"கடைசி வாரம் கேட்டுட்டே இருந்தா" என்றான் கியாலோ. குரல் இறங்கிவிட்டது. "எங்கடா என் கண்டக்டர்னு. வண்டியில இருக்கான்மா, வருவான்னு சொன்னேன். சாகப்போறவகிட்ட உனக்காகப் பொய் சொன்னேன்."

ரோட்டில் ஒரு மட்டாட்டு பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனது. அதன் கண்டக்டர் பராசாவைப் பார்த்து ஏதோ கத்திக் கை ஆட்டினான். பராசா பதிலுக்குக் கை தூக்கவில்லை. ஏழு தலைமுறையையும் விசாரிக்கிற அந்த வாயில் அன்று ஒரு சொல்லும் இல்லை. கையிலிருந்த அட்டை வியர்வையில் நனைந்து நீலச் சாயம் விரலில் ஒட்டியிருந்தது.

"இப்ப நான் என்ன பண்ணணும், சொல்லு" என்றான் ஒரு வழியாக.

கியாலோ சிரித்தான். அதில் நல்லது ஒன்றும் இல்லை. "ஓட்டா கேக்கறே? சரி. ரெண்டு வழி இருக்கு. திரும்பிப் போகணும்னா போ. இருக்கணும்னா அந்தப் பக்கத்துக் கம்பியைப் பிடி, நாளைக்கு இந்தக் கேட்டைக் கொடுக்கணும், ஒத்தைக் கையால முடியல. எதைப் பண்ணாலும் எனக்கு உன் மேல இருக்கிற கோபம் போகப்போறதில்ல. அம்மா வரப்போறதில்ல. முதல்லயே சொல்லிட்டேன், அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லாதே."

பராசா அட்டையைக் கீழே போட்டான். கேட்டின் அந்தப் பக்கம் போய்க் குந்தினான். கம்பி வெயிலில் கொதித்தது. பிடித்தான். பிடித்த கையின் ஆள்காட்டி விரலை இரும்பின் மேல் வைத்து அழுத்தினான், மூடி மேல் வைக்கிற மாதிரி.

"நான்தான்" என்றான்.

கியாலோ நிமிர்ந்து பார்த்தான்.

"நான்தான் வரல. வண்டி வேலை இல்ல. இல்காவும் இல்ல. எவனும் எழுதி வைக்கல. எனக்குத் தெரியும் வண்டி எங்க போகுதுன்னு. தெரிஞ்சுதான் படுத்துக் கிடந்தேன். நான்தான் கியாலோ."

கியாலோ அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏதாவது சொல்லுவான் என்று பராசா காத்திருந்தான். திட்டினால்கூடப் போதும் என்றிருந்தது. கியாலோ கைப்பிடியை எடுத்தான், புது வெல்டிங் குச்சி ஒன்றை மாட்டினான், முகமூடியைப் பாதி இறக்கியவன் நிறுத்தினான்.

"விரலை எடு, சுட்டுடும்" என்றான். "கண்ணை அந்தப் பக்கம் திருப்புடா, மடையா."

பராசா கண்ணை ரோட்டுப் பக்கம் திருப்பினான். கம்பியை விடவில்லை.